பூட்டு வந்த விருந்து

எங்கள் மனநல மருத்துவமனைக்கு இபிரோங்கே மேடம் இளம் அதிகாரியாக வந்தபோது வாசல் கதவில் என் தலையளவு பூட்டு தொங்கியது. நோயாளிகளின் காலில் சங்கிலி, உடம்பில் சாயம் போன காக்கி. மேடம் முதலில் சங்கிலியைக் கழற்றினார். மாநில இயக்குநரானதும் காக்கியை ஒழித்தார். பூட்டுக்குத்தான் பெரும்பாடு. அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மேடம் அதே கோப்போடு படியேறிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகப் பூட்டும் இறங்கியது.

மேடம் ஓய்வு பெறும் நேரத்தில் புதிதாக ஒரு சுகாதார அமைச்சர் வந்து சேர்ந்தார். அதற்குச் சற்று முன்புதான் எங்கள் நோயாளி ஒருத்தி சந்தைக்குப் போய் மிளகாய்க் கடைகளுக்கு நடுவே ஆடிவிட்டாள். மிளகாய்க்காரிகளும் சேர்ந்துதான் ஆடினார்கள். அதை யார் சொன்னார்கள்? 'பைத்தியங்கள் ஊருக்குள் நுழைந்தன' என்றது வானொலி. கதவை மறுபடி பூட்டப்போவதாகவும், அதை மேடத்தின் பிரிவு விருந்திலேயே அறிவிக்கப்போவதாகவும் அமைச்சர் சொல்லியனுப்பினார். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்க நாள் பார்த்த மனிதர்!

"மேடம், விருந்தே வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

"எதுக்கு மேட்ரன்? ஆடு வெட்டியாச்சு. துணியும் தைச்சாச்சு."

துணி என்றால் குடும்பத் துணி. எங்கள் ஊர் விசேஷத்தில் வீட்டார் எல்லோரும் ஒரே துணியில்தான் உடுத்துவார்கள். மேடம் நீலச் சாயத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி டாக்டர், சமையல்காரர், நோயாளி என்று ஒருவர் விடாமல் கொடுத்திருந்தார். அன்றைக்கு மைதானமே நீலமாக இருந்தது.

முன்வரிசை நடு நாற்காலியில் ஒலானியன் பாபா. முன்பு லாரி ஓட்டியவர். வியாதி குணமாகி வெகுநாளாகியும் கூட்டிப்போக ஆளில்லாமல் எங்களோடே தங்கிவிட்டவர். தொளதொள அங்கியும் சாய்த்து வைத்த தொப்பியுமாகச் சிற்றரசர் போலிருந்தார்.

அமைச்சர் காரிலிருந்து இறங்கினார். பின்னால் உதவியாளர், கையில் பளபளக்கும் புதுப் பூட்டு. நடு நாற்காலியில், குடும்பத் துணியில், நரைத்த தாடியோடு ஒரு பெரியவர். எங்கள் இனத்து ஆண்பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருப்பானா? அமைச்சர் நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தார்.

"பாபா, ஆசீர்வாதம் பண்ணுங்க!"

பாபா அவர் முதுகில் கை வைத்து ஆரம்பித்தார். நிறுத்துகிற ஆளா அவர்?

"மகனே, நீ நல்லா இருப்பே!"

"ஆமின்!" என்றது கூட்டம்.

"உன் வண்டி நடுரோட்டுல நிக்காது!"

"ஆமின்!"

"உன் மூஞ்சிக்கு நேரா எந்தக் கதவும் மூடாது! உன்னால யார் மூஞ்சிக்கு நேராவும் மூடாது!"

"ஆமின்!" இந்த முறை அமைச்சரின் குரல்தான் எல்லோரையும் முந்தியது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "உங்கப்பா வாக்கு பலிக்கணும் மேடம்" என்றார்.

"எங்கப்பா இல்லீங்க. ஒலானியன் பாபா. ரெண்டாவது வார்டுல இருக்கார். நீங்க பூட்டப்போறது அவர் கதவைத்தான்."

அமைச்சர் பாபாவைப் பார்த்தார். நீலத்துணிக் கூட்டத்தைப் பார்த்தார். யார் டாக்டர், யார் நோயாளி என்று அவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. மண் ஒட்டிய சட்டையோடு மைக்கைப் பிடித்தார். "விருந்து ஆறிடப்போகுது, சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரியவர் வாக்கை மீறினால் என்ன ஆகுமோ என்ற பயமா, மனமே மாறியதா என்று கேட்காதீர்கள். எனக்குக் கதவு திறந்திருந்தால் போதும்.

பிறகு மேடத்தை ஓரமாக இழுத்தேன். "பாபாவை நடுவுல உக்கார வெச்சது நீங்கதானே?"

"வயசுல மூத்தவர் நடுவுல உக்காரக் கூடாதா மேட்ரன்?" என்று ஆட்டெலும்பைக் கடித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மேடம் இல்லாத நாளை நினைத்து அதன்பின் நான் பயப்படவில்லை.

புதுப் பூட்டை அமைச்சர் மறந்துவிட்டுப் போய்விட்டார். வீணாக்குவானேன்? இறைச்சி அலமாரிக்குப் போட்டிருக்கிறோம். சாவி பாபாவிடம்.