காகிதப் பஞ்சு அடைத்த வீடு

"இன்னொரு தடவை குழாய் உறைஞ்சா வீட்டை வித்துட்டு டூசானுக்கே வந்துடறோம்" என்று என் கணவன் ரூடி, என் அக்காவிடமே வாக்குக் கொடுத்திருந்தான். அக்கா ஊர் டூசானில் ஜனவரியிலும் வெறுங்காலோடு நடக்கலாம். எங்கள் கலுமெட்டில் பனி ஜன்னலை மறைத்துவிடும். பரணின் வடக்கு ஓரமாகப் போகும் குளியலறைக் குழாய் வருடம் தவறாமல் உறையும். அதை நம்பித்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ரூடி ஒரு வாடகை இயந்திரத்தோடு வந்து இறங்கினான். கூடவே மூட்டை மூட்டையாகக் காகிதப் பஞ்சு. பழைய செய்தித்தாளை அரைத்து, தீப்பிடிக்காதபடி மருந்து கலந்தது. பரணில் ஊதி நிரப்பினால் வீட்டுச் சூடு வெளியே போகாது.

"கல்யாண நாள் பரிசு, டார்லா!"

"மோதிரம் வாங்கித் தர்றவனெல்லாம் முட்டாளாய்யா?"

"மோதிரம் சூடு குடுக்குமா? பேசாம மூட்டையப் பிரி."

ஒருவர் பரணில் பஞ்சை ஊதும் ஹோஸைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வாசலில் நின்று இயந்திரத்தின் வாயில் பஞ்சை உதிர்த்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் நான்தான். என் சிறைக்கு நானே செங்கல் எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மூட்டை மிச்சமிருக்கையில் பரண் ஜன்னலில் ரூடியின் தலை தெரிந்தது. புருவமெல்லாம் சாம்பல் நிறம்.

"தீந்துபோச்சா? குழாய் மேல இன்னும் போடல. மூடாம விட்டா முன்னைவிட மோசமா உறையும்!"

உண்மைதான். கீழேயிருந்து ஏறும் சூட்டைப் பஞ்சு தடுத்துவிடும். மேலே நிற்கும் குழாய் விறைத்துப் போகும். 'தீர்ந்துவிட்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூட்டைகளைக் காலால், வாசலில் நின்ற எங்கள் வண்டிக்கு அடியில் தள்ளினேன்.

"ஏய், காது கேக்கலையா? முட்டி செத்துப்போச்சுடி, சீக்கிரம் சொல்லு!"

அறுபது தாண்டியவன், எனக்குக் குளிரக் கூடாதென்று உத்தரத்தின் மேல் தவழ்ந்துகொண்டிருக்கிறான். பாவி. கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"இருக்குய்யா, இருக்கு!" என்று கத்திவிட்டு மூட்டைகளை வெளியே இழுத்தேன்.

ஜனவரியில் குழாய் உறையவில்லை. எரிவாயுச் செலவு பாதியானது. தெருவில் எங்கள் கூரைப் பனி மட்டும் கரையாமல் கிடந்தது. சூடு கசியாத வீட்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் அடையாளம். "கூரையப் பாரு, கண்ணு பட்டுடும்" என்றான் பக்கத்து வீட்டு லைல். பனி தள்ளும் வண்டியின் சத்தம்கூட உள்ளே வரவில்லை. பகலெல்லாம் என் மூச்சுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொல்லியே விட்டேன். "நான் போகணும், ரூடி. டூசானுக்கு."

பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் பதறி எழுந்தான். "ஏன், குளிருதா?" வடக்குச் சுவரைத் தடவிப் பார்த்தான்.

இத்தனை வருடமும் குளிர், குளிர் என்றுதான் அவனிடம் சொல்லி வந்திருக்கிறேன். இங்கே பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முட்டி தேயத் தவழ்ந்தவனிடம் இப்போது எப்படிச் சொல்வது?

"சொல்லுடி, எந்தப் பக்கம் குளிருது?"

"எந்தப் பக்கமும் இல்ல" என்றேன்.

அவன் நிம்மதியாக உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டான். "அப்புறம் என்ன? சாகுற வரைக்கும் இங்கயே இருக்கலாம்."