குறை சொன்ன மாப்பிள்ளை

எங்கள் சூலியா தெருவில், பிடித்த சரக்கைப் பிடித்திருக்கிறது என்று சொல்பவன் வியாபாரியே இல்லை. என் மனைவியின் தம்பி சீனி முகம்மது ஜாதிக்காய் வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டு, முகர்ந்து பார்த்து, "பூச்சி அரிச்சாப்ல இருக்கே" என்று முகத்தைச் சுளிப்பான். மாலையில் அந்த மூட்டை அவன் கிட்டங்கியில் இருக்கும். "அருமையான சரக்கு" என்று வாயாரப் புகழ்ந்தால், வாங்கப்போவதில்லை என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவன் சித்தி ஹாஜரா என்ற பெண்மீது ஆசை வைத்தான். ஒரு ஜவுளிக்கடையில் கைலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, "மாமா, அந்த விலைக்குக் குடுத்தா கட்டாது" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்து பேரத்தைக் கெடுத்தது. கடைக்காரரின் தங்கை மகள். அந்தக் கடையிலேயே வளர்ந்தவள். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கிடைக்காவிட்டால் ரங்கூனுக்குக் கப்பலேறிவிடுவேன் என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, டிராம் பிடித்து ஊர்க்கோடியில் ஆயர் ஈத்தாமிலிருந்த அவள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனோம். அவளைப் பெற்ற அத்தா இப்ராஹிம் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. மாதச் சம்பளக்காரர். வாயில் வருவதுதான் மனதில் இருப்பது என்று நம்புகிற அப்பாவி.

பதற்றம் வந்தால் மனிதன் பழகிய சந்துக்குள்தான் ஓடுவான். வீடு ஊரைவிட்டு ரொம்பத் தள்ளியிருக்கிறது என்றான் சீனி. சர்பத்தில் இனிப்பு தூக்கல் என்றான். காலை மிதித்தேன், நிற்கவில்லை.

"பொண்ணு கொஞ்சம் வாயாடின்னு கேள்விப்பட்டேன்."

இப்ராஹிம் எழுந்துவிட்டார். "பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க தம்பி. எங்களுக்கு வருத்தமில்ல."

சீனியும் பதறி எழுந்தான். அடுத்தவன் மனதைத் தராசில் வைக்கிற நாங்கள், எங்கள் மனதை மட்டும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஆசை கூடக்கூடத் தன் வாய் குறை சொல்லும் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அத்தா, மாப்பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் நீளம். நடை வாத்து மாதிரி. சொன்ன வயசைவிடக் கூடத்தான் தெரியுது."

இப்ராஹிம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சீனியின் முகமோ பெருநாள் காலை மாதிரி மலர்ந்தது. "மச்சான், குறை சொல்லிட்டா" என்று என் கையைப் பிடித்து நசுக்கினான்.

எங்கள் தெருவின் வழக்கத்தை நான்தான் இப்ராஹிமுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் நம்பாமல் திரையைப் பார்த்து, சம்மதந்தானா என்று கேட்டார்.

"மூக்கைப் பத்திப் பிறகு பேசிக்கலாம், அத்தா."

நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்டுப் புறப்பட்டோம். வாசல் தாண்டும்போது மறுபடியும் அதே குரல்: "கூட வந்த அண்ணன் தங்கமானவங்க அத்தா. ஒரு குறையும் சொல்ல முடியாது."

டிராமில் சீனி சிரித்துக்கொண்டே வந்தான். ஒரு குறையும் இல்லையாமே என்று எனக்குத்தான் வழி நெடுக அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போனால், ஏன் இத்தனை நேரம், சட்டையில் என்ன கறை, நல்ல காரியத்துக்கு இந்தத் தொப்பியையா போட்டுப் போனீர்கள் என்று என் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

அப்பாடா என்றிருந்தது.