பனங்காணிக்குள் வந்த முதுகுப்பை

பராசக்திக்குச் சந்தேகம் பிடித்தது பனைகளில் சிவப்பு நாடாக்களைக் கண்ட நாளில். வட்டுக்கோட்டையில் அவளுடைய வீட்டுக்குப் பின்னால் தம்பி சிவகரனின் காணி கிடக்கிறது. அவன் நோர்வேக்குப் போனதிலிருந்து வேலி அடைப்பது, ஆடு கட்டுவது, பனங்கிழங்குக்குப் பாத்தி போடுவது எல்லாம் அவள் பாடுதான். அன்று ஆட்டை அவிழ்க்கப் போனபோது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பனைகளில் நெஞ்சளவு உயரத்தில் நாடா சுற்றிக் கிடந்தது. காணியைத் துண்டு போட்டு விற்பவர்கள்தான் இப்படி அடையாளம் வைப்பார்கள்.

போன கிழமை சிவகரன் போனில், "வேலியெல்லாம் ஒழுங்காத்தானே கிடக்குது, அக்கா?" என்று கேட்டிருந்தான். ஊரில் மழையா என்றுகூட விசாரிக்காதவன் அவன். அவனுக்கு வேலியில் என்ன அக்கறை?

அடுத்தநாள் பின்னேரம் ஆள் வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும், தொப்பி போட்டிருந்தான். முதுகில் ஒரு கறுப்புப் பை. பள்ளிக்கூடப் பை மாதிரியும் இல்லை, பயணப் பை மாதிரியும் இல்லை. நிலத்தில் வைத்தால் சாயாமல் பெட்டி போல நின்றது. பக்கவாட்டில் ஒரு நீட்டுத் தடி செருகியிருந்தது. அளவைத் தடி என்று பராசக்தி முடிவு கட்டினாள். அவன் பைக்குள்ளிருந்து வட்டமான ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து, நாடா கட்டிய பனையை நோக்கி வீசினான். பிறகு நடந்துபோய் எடுத்தான், நின்று தூரத்தைப் பார்த்தான், மறுபடி வீசினான். தட்டு வீசுவது ஊரை ஏய்க்க, உள்ளுக்குள் அடி எண்ணுகிறான் என்று அவளுக்குப் பட்டது.

ஒரு தட்டு நாயுண்ணிப் பற்றைக்குள் போய் விழுந்தது. அவன் பையை விட்டுவிட்டுத் தேடப் போனான். பராசக்தி வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் போய்ப் பையைத் திறந்தாள். உள்ளே வட்டத் தட்டுகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. மேல் அறையில் ஒரு துவாய். அதற்குக் கீழே ஒரு சின்னத் துணிப்பொட்டலம். அமத்திப் பார்த்தாள். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது.

காணி போய், இப்போது போதைத் தூளா? பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வளவுக்குள் வந்து, கேற்றைப் பூட்டினாள்.

அவன் சுற்றிக்கொண்டு கேற்றடிக்கு வந்தான்.

"அன்ரி, அது என்ரை பாக்."

"தெரியும். அதாலைதான் எடுத்தனான். நீர் ஆர்?"

"ஷிஹாப். ரவுணிலை இருக்கிறன். சிவகரன் அண்ணையிட்டைக் கேட்டுத்தான் வந்தனான்."

தம்பியின் பெயரைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் சந்தேகம் கூடியது. "உந்தத் தடி என்னத்துக்கு? அளக்கவோ?"

"அதைத் தாங்கோ, காட்டுறன்."

தடியை மட்டும் கம்பிக்குள்ளால் கொடுத்தாள். அவன் அதை இழுக்க, அது நீண்டுகொண்டே போனது. நுனியில் ஒரு கொழுக்கி. பற்றையடிக்குப் போய், கை எட்டாத முள்ளுக்குள் கிடந்த தட்டைக் கொழுவி இழுத்துக்கொண்டு வந்தான்.

"அப்ப உந்தத் தூள்?"

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "இது நான் நாடா கட்டின பனைகளிலை தட்டை எறிஞ்சு படவைக்கிற விளையாட்டு, அன்ரி. கை வேர்த்தால் தட்டு வழுக்கும். அதுக்குப் பூசுறது. மணந்து பாருங்கோ."

மணந்தாள். பள்ளிக்கூடத்துச் சோக்குக் கட்டி மாதிரித்தான் இருந்தது. என்றாலும் விடவில்லை. "ஒரு விளையாட்டுக்கு உவ்வளவு பெரிய பாக்கோ?"

"முதல் பள்ளிக்கூடப் பாக்கிலைதான் கொண்டு திரிஞ்சனான். தட்டெல்லாம் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்து, வேண்டியதை எடுக்கேலாது. பிறகு ஒருபக்கத் தோளிலை கொழுவிறது ஒண்டு வாங்கினன். தோள் செத்துப்போச்சு. இதுக்கு அடி பலம், எங்கை வைச்சாலும் விழாது. முதுகிலை சமனாப் பாரம் நிக்கும். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு விதமாப் பறக்கும், அதுதான் இவ்வளவு தட்டு."

"நான் காணி அளக்க வந்த ஆளெண்டுதான் நினைச்சன்."

"அதிலை பிழையில்லை, அன்ரி. தொண்ணூறிலை முஸ்லிமெண்டு எங்கடை ஆக்களை ஊரைவிட்டே இயக்கம் வெளிக்கிடச் சொன்னது. வாப்பா திரும்பி வந்து பார்த்தால் எங்கடை காணிக்குள்ளை வேறை ஆரோ இருக்கினம். ஆரெண்டாலும் காணிக்குள்ளை கால் வைச்சால் கேக்கத்தான் வேணும்."

பராசக்தி கேற்றுக் கம்பியில் பிடித்திருந்த கையை எடுத்தாள். பிறகு, "அப்ப நீர் கேட்டுட்டு வந்திருக்கலாமே," என்றாள்.

"கேட்டனான். ஆளைத்தான் மாறிக் கேட்டுட்டன்."

அவள் வீட்டுக்குள் போய் நோர்வேக்கு எடுத்தாள்.

"ஓம் அக்கா, நான்தான் விளையாடச் சொன்னனான். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்," என்றான் சிவகரன்.

"அப்ப வேலியைப் பற்றி ஏன் கேட்டனீ?"

"ஒரு ஆள் விலை கேட்டது. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"விக்கப் போறியோ?"

"இப்ப இல்லை, அக்கா."

அந்த 'இப்ப' அவளுக்குப் பிடிக்கவில்லை. வெறுமையாகக் கிடக்கிற காணிக்குத்தான் ஆட்கள் விலை கேட்பார்கள். போனை வைத்துவிட்டு, வெளியே வந்து கேற்றைத் திறந்தாள். ஷிஹாப் பையை வாங்கி, திறந்து பார்க்காமலே முதுகில் மாட்டினான். அதை அவள் கவனித்தாள்.

"உம்மோடை விளையாட இன்னும் ஆக்கள் இருக்கினமோ?"

"கொஞ்சப்பேர் இருக்கினம். இடம்தான் இல்லை."

"எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும். றோட்டுக்கரைப் பக்கமா விளையாடுங்கோ. போறவாற ஆக்களுக்குத் தெரியட்டும்."

வார்ப்பட்டியை இறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏன் அன்ரி?"

"இடம் இல்லையெண்டு நீர்தானே சொன்னனீர்."

அவன் தலையாட்டினான். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

சனிக்கிழமை ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் வந்தது. ஆளுக்கொரு பை. சிலருடையது சந்தைப் பை. காணி முழுக்கச் சத்தம். பராசக்தி ஆட்டுக்குக் குழை வெட்டுகிற சாட்டில் வேலிக்கரையில் நின்றாள். பொழுது சாயும் நேரம் ஒரு கார் வந்து றோட்டில் நின்றது. கண்ணாடியை இறக்கிய மனிதர் விளையாடுகிறவர்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"அம்மா, உது ஆரின்ரை காணி?"

பராசக்தி கத்தியைக் கீழே வைக்காமலே கிட்டப் போனாள்.

"ஏன் கேக்கிறியள்?"