பதின்மூன்று பங்கு

ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம். அறுபத்து நாலாம் வருசக் கடைசியில் பத்திரிகையில் இந்த எண்ணைப் பார்த்ததும், இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் இக்னேசியசுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். நாடற்றுக் கிடந்த தோட்டத்துச் சனத்தை இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பங்கு போட்ட கணக்கு அது. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வார்களாம். அந்தச் சனத்தில் வாத்தியாரும் ஒருவர்தான். ஆனாலும் மனுசனுக்குக் கை துறுதுறுத்தது. கணக்குப் பைத்தியம், வேறென்ன சொல்ல?

கரும்பலகையில் எண்ணை எழுதி உடைத்தார். கடைசியில் மூன்று பூஜ்யம், எட்டால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தொன்று, மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஐந்தால் ஐந்து தடவை வகுக்கலாம். எல்லாம் போக நிற்பது பதின்மூன்று. அது பகா எண், அதற்கு மேல் உடையாது. மொத்தத்தைப் பதின்மூன்றால் வகுத்தால் பங்குக்கு எழுபத்தையாயிரம். ஏழு பங்கு அங்கே, நாலு பங்கு இங்கே, இரண்டு பங்கு அந்தரத்தில். மீதி பூஜ்யம்!

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் சரியாகப் பதின்மூன்று பேர். விடுவாரா? எழுப்பி நிறுத்தினார். ஏழு பேர் சன்னல் பக்கம், நாலு பேர் மேசைப் பக்கம், இரண்டு பேர் நடுவில். கைக்கு வந்தபடி பிரித்தவர், தன் மகள் றோசலினை மட்டும் பார்த்து மேசைப் பக்கம் நிறுத்தினார். அவளோடு ஒரே வாங்கில் உட்காரும் மீனம்மா சன்னல் பக்கம் போனாள்.

சாயந்தரம் மீனம்மாவின் தாய் வேலாயி கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்கு வரும் கடுதாசியெல்லாம் படித்துச் சொல்கிறவர் வாத்தியார். அவர் பிரித்தால் அவளுக்கு அது அரசாங்கம் பிரித்த மாதிரிதான்.

"சார், எம்புள்ளைய ஏழுல போட்டுட்டீங்களாமே? நாங்க எல்லாம் இங்கயே பொறந்தவங்க. அங்க எங்களுக்கு யாருங்க இருக்காங்க? நாலுல மாத்தி விடுங்க, சாமி."

"அட, அது வெறும் கணக்கும்மா. பாடத்துக்காகப் பிரிச்சேன்" என்று சிரித்தார்.

வேலாயி சிரிக்கவில்லை. "அங்க பிரிச்சவங்களும் வெறும் கணக்காத்தானுங்க பிரிச்சிருப்பாங்க. யாரு மூஞ்சிய பாத்தாங்க?" கூடையை இறக்கி வைத்தாள். "நீங்க ஒரே ஒரு மூஞ்சிய பாத்தீங்க, சார். உங்க மக மூஞ்சிய."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மறுநாள் வாத்தியார் பிள்ளைகளை மறுபடி நிறுத்தி, மீனம்மாவை மேசைப் பக்கம் கூப்பிட்டார். சன்னல் பக்கம் ஆறு பேர்தான் நின்றார்கள். ஒரு ஆள் வேண்டும்.

"நீ அங்க போம்மா" என்றார் மகளிடம்.

"நான் என்னப்பா செஞ்சேன்?"

றோசலின் அழுதுகொண்டே சன்னல் பக்கம் போனாள். கணக்கு அப்போதும் சரியாகத்தான் வந்தது, மீதி பூஜ்யம்.