புள்ளியை விழுங்கியவன்

வாரம் முழுவதும் விடியுமுன் பேருந்து ஓட்டப் போய்விடுகிறவள் அன்று விடுமுறையில் இருந்ததால்தான் அதைக் கண்ணால் பார்த்தாள். கணவன் மருந்துக் குழலின் அடியில் ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு சொட்டை இழுத்துக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனான்.

“இருங்க. இவ்வளவுதானா? இதயத்துக்குக் குடுக்குற மருந்துங்க அது!”

“கணக்குப் போட்டுத்தான் குடுக்குறேன். சீட்டுல வேளைக்கு 0.1 மில்லிகிராம். பாட்டில்ல ஒரு மில்லிக்கு 0.05. ஒண்ண அஞ்சால வகுத்தா 0.2 மில்லி. எனக்கே கணக்கா?”

அந்த ‘எனக்கே’தான் அவளைச் சுட்டது. கடைசல் பட்டறையில் அவன் கணக்கில் புலியாம். அங்கே எல்லா அளவுக்கும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். 0.05 என்றால் ‘அஞ்சு’, 0.10 என்றால் ‘பத்து’; புள்ளியை யாரும் வாயால் சொல்வதில்லை. சீட்டிலோ வெறும் 0.1. இந்த மகராசன் அதை ‘ஒண்ணு’ ஆக்கிவிட்டார்.

“ரெண்டு புள்ளியையும் ஒரே அளவு நகத்தணும். அத நூறால பெருக்கினா இதையும் நூறால பெருக்கணும். 0.05 அஞ்சாச்சு. 0.1 என்னாச்சு?”

அவன் உதடு அசைந்தது. “பத்து.”

“பத்த அஞ்சால வகுங்க.”

“ரெண்டு.” முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டு மில்லி.”

“இத்தன நாளும் பத்துல ஒரு பங்குதான் குடுத்திருக்கீங்க! புள்ள பால் குடிக்காம மூச்சு வாங்குதேன்னு கேட்டப்ப, பல்லு மொளைக்குதுன்னு சொன்னீங்களே!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த மனிதன் குழலைப் பாட்டிலில் விட்டு மடமடவென்று இழுத்தான்.

“விட்டுப்போனத எல்லாம் சேத்து இப்பவே குடுத்துடறேன்.”

ஒரே தட்டு. குழல் சுவரில் போய் விழுந்தது.

“கொன்னுடுவீங்க! ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க, நீங்க புள்ள வாயில அளக்காம ஊத்துறீங்க. வண்டிய எடுங்க!”

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் சொன்னார்: விட்டதைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் இதயமே நின்றிருக்கும். குழந்தையை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மூச்சு சீராகி, பால் குடித்து, வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. நாளைக்கு அவள் வேலைக்குப் போகவேண்டும். மருந்து கொடுக்க இந்த மனிதனை விட்டால் ஆள் இல்லை. அதுதான் கோபத்திலெல்லாம் பெரிய கோபம்.

புதுக் குழலை அவன் கையில் திணித்தாள்.

“சொல்லுங்க.”

“0.1, நூறால பெருக்கினா பத்து. 0.05, நூறால பெருக்கினா அஞ்சு. வகுத்தா ரெண்டு.” தண்ணீரை இரண்டு மில்லிக் கோடுவரை இழுத்துக் காட்டினான். கண் கலங்கியிருந்தது.

அவள் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

“கொட்டிட்டு மறுபடி சொல்லுங்க,” என்றாள்.