மே மாதத்துக்காகப் பூட்டிய அறை

"மூணாம் நம்பர் ரூம் சாவியைக் குடுண்ணே."

ஃபிலியோ கேட்டேவிட்டாள். அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விருந்தாளிக்காக வெள்ளையடித்துத் துணி விரித்தபிறகு மாடி அறையின் சாவியை மட்டும் கேட்கக் கூடாது. அப்பா போட்ட சட்டம். அவர் போய் ஆறு வருஷமாகியும் சட்டம் மட்டும் சாகவில்லை.

அண்ணன் யாக்குமிஸ் நாற்காலிக் காலுக்கு நீலப் பெயிண்ட் அடிப்பதை நிறுத்தினான். "கப்பல் ஆட்டினதுல மூளை கழண்டுடுச்சா? வெள்ளையடிச்சு, துணி விரிச்சு, எல்லாம் ரெடியா இருக்கு. மே மாசம் ஆள் வரப் போகுது."

"இப்ப ஜனவரி."

"அது எனக்கும் தெரியும், மேடம்."

கப்பல் ஆட்டியதும் உண்மைதான். ஏதென்ஸிலிருந்து இந்தத் தீவுக்கு ஆறு மணி நேரம். பயணிகள் ஐந்து பேர், மிச்ச இடமெல்லாம் மாட்டுத் தீவனமும் கேஸ் சிலிண்டரும். டிக்கெட் பார்த்தவன், "இந்தக் காத்துல அங்க போய் என்னத்தப் பார்க்கப் போறே?" என்று சிரித்தான். பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டு இரண்டு மணிக்குக் கப்பல் திரும்பும், அதை விட்டால் காற்று அடங்கும்வரை கப்பல் இல்லை என்றும் சொன்னான். அம்மாவின் இருமலைப் பார்க்கப் போகிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஒரு மாதமாகப் போனில் அம்மா பேசுவதைவிட இருமுவதுதான் அதிகம்.

துறைமுகத்தில் காபிக்கடைக் கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. நாற்காலிகளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஃபிலியோ நேராக வீட்டுக்குப் போய், வெளிப்புற மாடிப்படி ஏறி, கடலைப் பார்த்த மூன்று கதவுகளையும் தட்டினாள். மூன்றும் பூட்டு. அம்மா கீழே சாமான் அறையில் கிடந்தாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில், சுற்றிலும் மடக்கிய வெயில் குடைகள். சுவர் வியர்த்து வழிந்தது. தலையணைக்கு மேலே, வாய் வைத்து ஊதியதுபோலக் கறுப்பாகப் பூஞ்சை.

கோடையில் அறைகளை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பமே அங்கேதான் படுக்கும். தீவு முழுக்க அப்படித்தான், அதில் வெட்கம் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் எல்லோரும் மேலே போய்விடுவார்கள். "மேலதான்டி இருக்கேன், ஹீட்டர் போட்டுக்கிட்டு" என்று மூன்று குளிர்காலமாக அம்மா போனில் சொல்லிவந்தாள். ஃபிலியோ நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. காலேஜ், பிறகு ஏதென்ஸில் வேலை என்று எட்டு வருஷமாக அவள் குளிர்காலத்தில் ஊருக்கு வந்ததே இல்லை.

இப்போது அம்மா அனெஸியோ, போர்வையைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணனோட ஏன்டி சண்டை போடுறே? உக்காரு, கொண்டக்கடலை சூப் இருக்கு."

"இவன் மட்டும் அடுப்பு பக்கத்துல படுத்துக்கிட்டு, உன்னைப் பொந்துல போட்டிருக்கான். அதுக்கு சூப்பா?"

"நான் போடலை" என்றான் யாக்குமிஸ். "அவங்ககிட்டயே கேளு."

"அடுப்பு பக்கம் படுன்னுதான் சொன்னான். புகை எனக்கு ஆகலை" என்றாள் அம்மா. "மேல நானாத்தான் போறதில்லை."

"ஏம்மா?"

அம்மா மேஜையில் கிடந்த துண்டை மடித்தாள். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நீதானே சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"ரூம்ல கிழவி வாடை அடிக்குதுன்னு."

ஃபிலியோவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பிறகு வந்தது. ஆங்கிலம் தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான் என்பதால், அறை பதிவு செய்வோருக்கெல்லாம் ஏதென்ஸிலிருந்து பதில் எழுதுவது அவள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் எண் அறையில் தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போன ஒருத்தி எழுதிய நாலு வரியை ஆபீஸ் மதிய இடைவேளையில் படித்தாள். உடனே போன் போட்டு, "கிழவி வாடை அடிக்குதாம்மா, எழுதி வெச்சிருக்கா. என்னதான் பண்றீங்க அங்க?" என்று கத்தினாள். கத்திவிட்டு மறந்தும் போனாள்.

"ரெண்டு தடவை மெத்தையை வெயில்ல போட்டேன்" என்றாள் அம்மா. "திரைச்சீலை மாத்தினேன். அப்புறம்தான் புரிஞ்சுது வாடை எங்கேருந்து வருதுன்னு. மனுஷங்க எவ்வளவோ தூரத்துலேருந்து வர்றாங்க. குளிருக்கு நான் அங்க படுத்தது அவங்களுக்குத் தெரியக் கூடாதில்ல?"

இருமல் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள் ஃபிலியோ.

"சொன்னா நீ இப்படித்தான் குதிப்பே."

யாக்குமிஸ் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டான். "அந்த ரூம் வாடகைதான் உன்னைப் படிக்க வெச்சுது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு."

அதுதான் அவளை அறுத்தது. திட்டுவதற்கு வேறு ஆள் இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். அவள் போனை எடுத்து அறை விளம்பரத்தைத் திறந்தாள். கடல் தெரியும் ஜன்னல், கதகதப்பான அறை, வீட்டு அம்மா கையால் செய்த அத்திப்பழ ஜாம். எல்லாம் அவள் எழுதிய வரிகள். அழித்தாள். மூன்றாம் எண் அறை பட்டியலிலேயே இல்லாமல் போயிற்று.

"என்ன பண்றே?"

"எடுத்துட்டேன். இனிமே அந்த ரூமுக்கு யாரும் வரமாட்டாங்க."

"பைத்தியமா உனக்கு? ஜூனுக்கு அந்த டச்சுக் குடும்பம் சொல்லி வெச்சிருக்கே!"

"நான் எழுதி மன்னிப்புக் கேட்டுக்கறேன். சாவியைக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"சரி."

துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு நீளமாக ஊதியது.

"கப்பல் வந்தாச்சு" என்றான் யாக்குமிஸ், கொஞ்சம் நிம்மதியாக. "கிளம்பு, லேட்டாயிடும். எப்பவும் போல போன்ல சண்டை போட்டுக்கலாம்."

ஃபிலியோ பையைத் தொடவில்லை. சாமான் அறைக்குப் போய் அம்மாவின் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையையும் எடுத்தாள்.

"அடியே, எங்க போறே? மழை பெய்யுது!" என்று அம்மா கூப்பிட்டாள்.

அவள் திரும்பாமல் வெளியே போய் மாடிப்படி ஏறினாள்.