தாராபுரம் வந்துருச்சுங்களா?

பெனிட்டாவுக்கு நாலு வயசு நடந்த வருஷத்தில் பல்லடம் தாராபுரம் சாலை ஏழெட்டுக் கிலோமீட்டர் நீண்டுபோனது. யாரும் வெட்டவில்லை, வளைத்துத் திருப்பவில்லை. இருந்த சாலையே நீளமாகிவிட்டது. தக்காளி விலை ஏறிக் கிடந்த வருஷம் அது. ஊருக்குப் பேச வேறு விஷயம் இருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்காரர்கள் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். குண்டடத்துக்கு அப்பால் புதிதாக வந்த நிலத்தில் ஒரு மழைக்குப் பிறகு புல் முளைத்து, ஆடுகள்கூட மேய ஆரம்பித்துவிட்டன. எதனால் நீண்டது என்று முதலில் தெரிந்தது ஒருத்தனுக்குத்தான். அவன் பெனிட்டாவின் அப்பன் ஜெரோம். அவனும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் பாதித் தப்பு அவன் பேரில் இருந்தது.

ஜெரோம் ஒண்டிப்புதூர்க்காரன், மோட்டார் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் ஆள். போர்க் கிணற்றில் இறக்கின மோட்டார் எரிந்துபோனால் தோட்டத்துக்காரர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் அப்பா காலம் வரைக்கும் அதே தோட்டங்களில் கூலிக்கு மண்வெட்டி பிடித்த குடும்பம். இவன் காரில் போய் இறங்குவான். மூன்று பேர் ஓட்டித் தள்ளிவிட்ட கார், ஒரு பக்கத்துக் கண்ணாடி ஏறாது, என்றாலும் கார் கார்தானே. அதை வைத்துக்கொண்டு அவன் விட்ட பீலா கொஞ்சநஞ்சமில்லை. தாராபுரம் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், "பல்லடத்துல டீ வாங்கி வெச்சா, அது ஆறறதுக்குள்ள போயிறலாமுங்க" என்பான். இப்படிப் பேசுகிறவனுக்கென்றே பார்த்துப் பின்சீட்டில் ஒரு பெண்பிள்ளையை உட்கார வைத்தார் ஆண்டவர் என்று பிற்பாடு அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

வீட்டுக்குள் பெனிட்டா ஓயாமல் சொல்லும் வார்த்தைகள் நிறைய. "அப்பா இங்க பாருங்க" என்பாள். பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. "நானே, நானே" என்று சட்டைப் பொத்தானைத் தலைகீழாகப் போட்டுக்கொள்வாள். "இன்னொருக்கா" என்று ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் கண்டுபிடித்துவிடுவாள். இதனாலெல்லாம் ஜெரோமின் தலைவலியைத் தவிர வேறு சேதம் கிடையாது. சேதம் காரில் ஏறினதும்தான். மாசம் ஒரு தடவை தாராபுரத்துக்கு, அவன் மனைவி கிருபாவின் அக்கா எஸ்தர் வீட்டுக்குப் போவார்கள். சூலூர் தாண்டும் முன்னாலேயே பின்னாலிருந்து ஆரம்பிக்கும்: "அப்பா, தாராபுரம் வந்துருச்சுங்களா?" 'ங்க' போட்டு மரியாதையாகக் கேட்கிற பிள்ளையைத் திட்டவும் வாய் வராது. எங்கள் பக்கத்தில் வழி கேட்கிறவரிடம் தூரம் என்று சொல்வது வழக்கமில்லை. நடந்து வருகிறவர் பாவம், தூரம் என்றால் சோர்ந்துபோவார் என்று, நாலு மைல் இருந்தாலும் கையை நீட்டி, "பக்கந்தானுங்க" என்றுதான் சொல்வோம். ஜெரோமும் அதையே சொன்னான். "பக்கந்தானுங்க கண்ணு, அந்தக் காத்தாடி தாண்டுனா வந்துரும்." காற்றாலை தாண்டும், ஊர் வராது, பிள்ளை மறுபடி கேட்பாள், இவன் மறுபடி பக்கந்தான் என்பான்.

ஒரு நாள் மைல்கல்லைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இப்போதுதான் கடந்த அதே எண்ணோடு அதே மஞ்சள் கல் மறுபடி நின்றது. அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னான். அதே கல் மூன்றாவது தடவையும் வந்தது. அவள் ஒரு தடவை கேட்டு அவன் ஒரு தடவை பொய் சொன்னால், குண்டடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு துண்டுச் சாலை கூடிவிடுகிறது, இருபுறமும் நிலத்தோடு, சில சமயம் ஒரு பனைமரத்தோடு. கிருபாவிடம் சொன்னான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை அவளுக்கு; எதற்கும் பதறுகிறவள் அல்ல. "அப்ப உண்மையைச் சொல்ல வேண்டியதுதானுங்களே, இன்னும் தூரம்னு?" என்றாள். நியாயம்தான். ஆனால் ஜெரோமால் முடியவில்லை. டீ ஆறுவதற்குள் போய்விடலாம் என்று ஊரெல்லாம் சொன்ன வாய், சொந்தப் பிள்ளையிடம் தூரம் என்று எப்படிச் சொல்லும்?

விஷயம் வெளியே கசிந்தது வேங்கடசாமியால். மனை புரோக்கரான அவர், புதிதாக வந்த நிலத்தில் மஞ்சள் கொடி நட்டு, கல் ஊன்றி, சைட் போட்டுவிட்டார். எந்தக் கார் போகிற நாளில் நிலம் கூடுகிறது என்று விசாரித்துக்கொண்டே ஒண்டிப்புதூர் வரைக்கும் வந்தவர், கையில் கால் கிலோ மைசூர்பாகு வைத்திருந்தார். "பாப்பா நல்லாப் பேசுதுங்களா?" என்று கேட்டு, பெனிட்டாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அடுத்த தடவை தாராபுரம் எப்போது போகிறீர்கள் என்றும் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த தடவை காரில் ஏறினதுமே ஜெரோம் பெனிட்டாவிடம் போனைக் கொடுத்துவிட்டான். இவ்வளவு நாள் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே மெச்சிக்கொண்டான். பின்சீட்டில் பொம்மைப் படம் ஓடியது, ஒரு கேள்வி வரவில்லை, சாலை துவைத்த பனியன் போலச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. வேங்கடசாமியின் கொடிகளெல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே புதராய் நின்றன. அவர் போன் போட்டு, "ஏனுங்க, பாப்பாவுக்கு ஒடம்பு சுகமில்லைங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஜெரோமுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த அமைதியின் ருசி பிடித்துப்போனதுதான் அவன் செய்த அடுத்த தப்புக்கு வழி விட்டது.

எஸ்தருக்குப் பிள்ளை இல்லை. சர்ச் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தாள். கிருபாவுக்கு ஷிப்ட் மாறி மாறி வந்தது, ஜெரோமுக்குத் தோட்டம் தோட்டமாக அலைச்சல், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. "எங்கிட்ட உடுங்க, நான் படிக்க வெக்கறேன்" என்று எஸ்தர் கேட்டபோது, கிருபா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெரோம்தான் பிடித்த பிடியில் நின்றான். தாராபுரத்துப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்றான், காற்று நல்ல காற்று என்றான், தண்ணீர்கூட நல்ல தண்ணீர் என்றான். வீட்டில் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தால் தேவலை என்கிற காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எஸ்தர் அங்கே யூனிபாரம் தைத்து மடித்து வைத்துவிட்டாள். கொண்டுபோய் விடும் நாளில் கிருபா வாசல்படி தாண்டி வரவில்லை. "நீங்களே உட்டுப்போட்டு வாங்க. என்னால ஆகாதுங்க" என்றாள்.

அன்றைக்கு பெனிட்டா ஒன்றும் கேட்கவில்லை. சூலூர் போனது, கேட்கவில்லை. போன் வேண்டுமா என்றான், தலையாட்டி வேண்டாம் என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பல்லடத்தில் தேவையில்லாமல் நிறுத்தி ஒரு டீ வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினான். சாலை சுருங்க ஆரம்பித்தது. பழைய அளவோடு நிற்கவில்லை. அதற்கும் கீழே போனது. கோழிப்பண்ணை வாடை வந்த வேகத்திலேயே மறைந்தது. காற்றாலைகள் தோளோடு தோள் உரசி நின்றன. குண்டடம் ஒரு கடை, ஒரு கோயில், அவ்வளவுதான். மைல்கற்கள் படிக்கும் முன்னாலேயே பின்னால் போயின. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தான். கார் நின்றாலும் சாலை வந்துகொண்டே இருந்தது. தூரத்தில் தாராபுரத்து அமராவதிப் பாலம் தெரிந்தது. முன்னால் வைத்த டீயிலிருந்து ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க அவன் அடித்த பெருமை அன்றைக்குத்தான் நிஜமானது.

"ஏனுங்க கண்ணு, ஒண்ணும் கேக்கலையா?" என்றான்.

"பெரியம்மா ஊட்ல நச்சரிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு" என்றாள் பெனிட்டா. "நான் இனிமே கேக்க மாட்டேனுங்கப்பா."

பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. பிள்ளையில்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய், அந்த அமைதிக்குள் எப்படி உட்கார்ந்து சோறு தின்பது என்று அப்போதுதான், வெட்கங்கெட்ட நேரத்தில், ஜெரோமுக்குத் தோன்றியது. வேறு வழி தெரியவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்து அவனே கேட்டான்: "அம்மணி, தாராபுரம் வந்துருச்சுங்களா?"

பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அச்சு அசலாக அவன் குரலில், "பக்கந்தானுங்க கண்ணு, அந்தக் காத்தாடி தாண்டுனா வந்துரும்" என்றாள். பாலம் மெதுவாகப் பின்வாங்கியது.

அவன் மறுபடி கேட்டான், அவள் மறுபடி சொன்னாள். பாலம் மறைந்தது, ஒரு பனைமரம் வந்தது, இன்னொரு பனைமரம் வந்தது, பெயரில்லாத ஒரு குளம்கூட வந்தது. பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்ல முடியாமல் சிரித்தாள், சிரித்து முடிக்கும் வரை அவன் காத்திருந்து மறுபடி கேட்டான். சாயங்காலம் எஸ்தர் போன் பண்ணி எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டபோது, ஜெரோம் பழக்கதோஷத்தில் "பக்கந்தானுங்க" என்றான். சாலை இன்னும் கொஞ்சம் நீண்டது. எஸ்தர் கெட்டிக்காரி. "சரி, அந்த ரோடு வந்து சேராது. யூனிபாரத்தைப் பிரிச்சு கவுனாத் தெச்சு நானே எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரல் லேசாக உடைந்திருந்தது. ஜெரோம் காரைத் திருப்பினான். திரும்புகிற வழியில் யாரும் ஒன்றும் கேட்காததால், கொஞ்ச நேரத்திலேயே ஒண்டிப்புதூர் வந்துவிட்டது.

கிருபா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே இருந்தாள். "உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"தாராபுரம் வரலீங்க கிருபா" என்றான் ஜெரோம். தோளில் பெனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கிருபா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆமா, அந்த ரோடு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பிள்ளையின் முதுகில் புதைத்தபடி உள்ளே போனாள். ஷிப்டை மாற்றி வாங்கிக்கொள்ள அவளுக்கு இரண்டு மாசம் பிடித்தது, அதுவரை பெனிட்டா அப்பாவோடு தோட்டம் தோட்டமாகப் போய், எரிந்துபோன மோட்டார்களைப் பார்த்து "ஏன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எஸ்தர் மாசம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து நாலு நாள் தங்கிப் போகிறாள். வேங்கடசாமியின் சைட்டுகளில் வீடு வந்துவிட்டது, அந்தக் குளத்தில் மீன் குத்தகைகூட விட்டாயிற்று.

இப்போது பெனிட்டா மூன்றாம் வகுப்பு. காரில் ஏறினால் புத்தகம் எடுத்து வைத்துக்கொள்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் அந்தச் சாலை சுருங்கவில்லை. சூலூர் தாண்டும் முன்னாலேயே முன்சீட்டிலிருந்து ஆரம்பித்துவிடுகிறது. "அம்மணி, தாராபுரம் வந்துருச்சுங்களா?" பெனிட்டா பெருமூச்சு விட்டு, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "பக்கந்தானுங்கப்பா" என்கிறாள். தாராபுரம் போகிறவர்கள் இப்போதெல்லாம் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.